ஊருக்கு உரைக்கும் கணக்கு

திருவண்ணாமலையை வலமாகச் சுற்றி வருவோர் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். கிழக்கே இராசகோபுரத்தின் எதிரே புறப்பட்டு, தெற்கும் மேற்குமாகச் சென்று, வருணலிங்கத்தைக் கடந்தபின் மலையின் மேற்புறத்தே அவர்கள் அடையும் சிற்றூர் அடி அண்ணாமலை. அங்கே பழைமையான சிவன்கோயில் ஒன்று உண்டு. ஏனைய நாள்களில் அமைதியாகத் தோன்றும் அவ்வூர், நிறைமதி நாளின் இரவில் மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். மறுநாட் காலையில் அவ்வெள்ளம் வடியும்போது, வழிநெடுக இலைத்தட்டுகளும் தாட்குவளைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் கிடக்கும். துப்புரவுப் பணியாளர் அவற்றைக் கூட்டி அள்ளுவர்.

அள்ளிய கைகள் எத்துணை? அவற்றுக்குரிய கூலி எந்தப் பணத்தினின்று வந்தது? அள்ளிய குப்பை எங்கே சென்றது? வந்தோர் பருகிய நீர் எந்த ஏரியது? இவற்றை நடந்து செல்வோர் வினவுவதில்லை; வினவ வேண்டியவர் ஊரார். அவர்களுக்குரிய விடையை ஆண்டுக்கொரு முறை எழுத்தில் எழுதி, மன்றத்தில் படித்து, அச்சிட்டு வழங்கும் ஏற்பாட்டிற்கே ஆண்டறிக்கை என்று பெயர். ஊராட்சியில் தலைவரும், நகராட்சியில் மன்றத் தலைவரும், மாநகராட்சியில் மேயரும் இதற்குப் பொறுப்பாவர். 1886ஆம் ஆண்டில் நகராட்சியாக அமைந்த திருவண்ணாமலை, 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்த்தப் பெற்றது. ஆகவே மலையைச் சூழ்ந்த மக்களுக்கு மேயரின் ஆண்டறிக்கை என்பது புதிய சொல். ஆனால் ஊருக்குக் கணக்குரைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி. பி. 919ஆம் ஆண்டினது; மற்றொன்று கி. பி. 921ஆம் ஆண்டினது. அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்ததும், குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்ததும் பலரும் அறிந்த செய்திகள். இவ்வாறு எடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். சம்வத்சரம் என்பதற்கு ஆண்டு என்று பொருள். முன்னர்த் தோட்டத்தையும் ஏரியையும் கண்காணித்துப் பழகியவரே இவ்வாண்டு வாரியத்திற்கு உரியவராவர். ஏரிக்கரையை அறியாதவன் ஊரையாள வருதல் தகாது என்று அக்கால மக்கள் கருதினர் போலும்.

குடவோலையைப் புகழ்வார் பலர். அக்கல்வெட்டிலுள்ள கணக்கு விதிகளை எடுத்துக் கூறுவார் சிலர். உண்மையில் அவ்விதிகளே வியப்பைத் தருவன. வாரியப் பணி 360 நாள்களில் முடியும். பணி செய்து கணக்குக் காட்டாதிருந்தவர், அடுத்த முறை குடத்தில் தம் பெயரை இடுவிக்கும் உரிமையை இழந்தனர். அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வுரிமையை இழந்தனர். கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டியவனே ஊர்க்கணக்கை எழுதலாம். தான் எழுதிய கணக்கைப் பெரியோர் அவையின்முன் வைத்து, தூயவன் என்னும் முடிவைப் பெற்ற பின்னரே அவன் மீண்டும் அப்பணியைப் பெறலாம். ஒருவன் எழுதிவந்த கணக்கை அவனே முடித்துக் காட்டல் வேண்டும். அவனுக்காக வேறொருவன் புகுந்து முடித்தல் ஆகாது. முன்னிருந்தவன் மேல் பழியைப் போட்டுப் பின்வந்தவனும், பின்வந்தவன் மேல் போட்டு முன்னிருந்தவனும் தப்பித்துக்கொள்ளும் வழியை இவ்விதி அடைத்துவிட்டது.

அவ்வவையை இக்கால மன்றத்தோடு ஒப்ப வைத்துப் புகழ்தல் பொருந்தாது. அஃது அந்தணர் ஊர். நிலமும் மனையும் உடைய, மறை கற்ற, 35 வயதிற்கு மேற்பட்டு 70 வயதிற்கு உட்பட்ட ஆடவரே குடத்தில் பெயர் பெற்றனர். ஏரியை வெட்டியவரும் வயலில் நட்டவரும் அக்குடத்திற்குப் புறத்தே நின்றனர். பெண்களுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் கணக்கைக் கல்லில் எழுதி மண்டபச் சுவரில் நிறுத்தி, ‘கண்ணுடையார் காண்க’ என்று வைத்த துணிவை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கல்வெட்டுக் கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்புவோர் 90 அல்லது 96 ஆடுகளை வழங்குவர். அவ்வாடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய்யளத்தல் வேண்டும். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். ஆடு சாவதும் மூப்பதும் இயற்கைதானே என்னலாம். சாவனவற்றுக்கும் மூப்பனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமற் காத்தல் வேண்டும் என்பதே அச்சொல்லின் கருத்து. ஒரு நகரின் சாலையும் சாக்கடையும் குளமும் பள்ளிக் கட்டடமும் அந்நகரின் பேராடுகள். புதிய சாலை இத்துணைக் கிலோமீட்டர் போடப்பட்டது என்று உரைக்கும் அறிக்கை, பழைய சாலையில் இத்துணைத் தொலைவு பழுதுபட்டது என்பதையும் உரைக்குமாயின் மந்தை குறையவில்லை என்பதை அறியலாம். புதுக்குட்டியை மட்டும் எண்ணிக் காட்டும் இடையனை எவரும் நம்பார்.

இக்கால மேயர் பதவி மேனாட்டிலிருந்து வந்தது. 1687ஆம் ஆண்டு இறுதியில் வழங்கப்பட்ட பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கப் பெற்றது. இந்தியாவில் தோன்றிய மாநகராட்சிகளுள் அதுவே முதலாவது. அதனை அமைத்த கிழக்கிந்தியக் கும்பினியாரின் நோக்கம் மக்கட்பற்று அன்று. அதிகாரி விதிக்கும் வரியைக் காட்டிலும், தாமே கூடி விதித்துக்கொள்ளும் வரியை மக்கள் எளிதிற் செலுத்துவர் என்று அவர்கள் கணக்கிட்டனர். கருத்து வணிகருடையதாயினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று தெரிந்தால் கொடுக்கும் கை தயங்காது. தெரியாவிடின் ஒரு காசுக்கும் முணுமுணுப்பு எழும்.

சென்னையின் மேயர்களுள் தீரர் சத்தியமூர்த்தி 1939ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றார். அந்நாளில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டே. நகரமோ குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்று அவர் முயன்று, அரசின் இசைவைப் பெற்றார். 1940 ஆகஸ்டில் அதற்கு அடிக்கல் நாட்டப் பெற்றது. 1943 மார்ச்சு 28ஆம் நாள் அவர் மறைந்தார். நீர்த்தேக்கம் 1944ஆம் ஆண்டில் திறக்கப் பெற்றது. பின்னர் அவர் பெயரையும் தாங்கிற்று. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி.

ஓராண்டு மட்டும் பதவியிலிருந்த ஒருவர் தம் ஆண்டு முடிவில் இப்பணியைப் பற்றி என்ன கூறியிருத்தல் இயலும்? தண்ணீர் வந்தது என்று கூறல் இயலாது. அணை எழுந்தது என்றும் கூறல் இயலாது. தொடங்கினோம் என்பது ஒன்றே கூறத்தக்கது. நகரின் பெரும்பணிகள் பெரும்பாலும் இத்தகையன. ஓராண்டறிக்கையை மட்டும் படித்து ஒரு மன்றத்தை அளப்பவர் பிழைபடுவர். மூன்றாண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். சென்ற ஆண்டில் ‘தொடங்கப்பட்டது’ என்றிருந்த பணி இவ்வாண்டில் ‘நடைபெற்று வருகிறது’ என்றும், அடுத்த ஆண்டில் ‘முடிந்தது’ என்றும் நடந்து வருகிறதா என்பதைக் காணலாம். மூன்றாண்டும் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்னும் ஒரே தொடரில் ஒரு பணி நின்றுவிடுமாயின், அது தமிழ் வளத்தால் வாழும் பணி என்று கொள்க.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பு, நாட்டின் நிலையைக் குறித்துச் சட்டமன்றத்திற்குக் காலந்தோறும் அறிவித்தலைக் குடியரசுத் தலைவரின் கடமையாக்கிற்று. 1790ஆம் ஆண்டு சனவரியில் சியார்ச்சு வாசிங்டன் முதலுரையை ஆற்றினார். அதனைப் பின்பற்றி, அந்நாட்டு நகரங்கள் பலவற்றின் மேயர்கள் நகரின் நிலையையும் வருங்கால நோக்கையும் ஆண்டுதோறும் உரைத்து வருகின்றனர். அவ்வுரைகளில் நம்பிக்கைச் சொற்கள் மிகுதி; வாக்குக் கேட்போர் பேச்சுக்கு எந்நாட்டிலும் ஒரே சுவைதான்.

வரவு செலவுத் திட்டம் வேறு, ஆண்டறிக்கை வேறு என்பதை மாணவர் தெளிதல் வேண்டும். திட்டம் என்பது ஏப்ரல் முதல் நாளில் தொடங்கும் ஆண்டிற்கு இன்ன இன்ன செய்வோம் என்னும் உறுதிமொழி. அறிக்கை என்பது மார்ச்சு 31ஆம் நாளோடு முடிந்த ஆண்டில் இன்ன இன்ன செய்தோம் என்னும் வாக்குமூலம். மாநகராட்சியில் மேயர் மன்றத்திற்குத் தலைமை தாங்குவார். பணிகளை நிறைவேற்றும் அதிகாரம் ஆணையரிடம் உள்ளது. கணக்கைத் தணிக்கை செய்ய அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை உண்டு.

அறிக்கையின் பணப் பகுதியில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்னும் மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். சொத்து வரியும், காலிமனை வரியும், தொழில் வரியும், குடிநீர்க் கட்டணமும், கடை வாடகையுமாக வரவேண்டிய தொகை கேட்பு. வந்து சேர்ந்தது வசூல். வாராது நின்றது நிலுவை. சிறுவீட்டுக்காரர் நூறு பேர் செலுத்தவேண்டிய தொகையும், பெருங்கட்டடம் ஒன்று செலுத்தவேண்டிய தொகையும் நிலுவைப் பட்டியலில் ஒரே எண்ணாய்க் கலந்துவிடக்கூடும். யாரிடம் நிலுவை என்று பிரித்துக் காட்டும் அறிக்கையே கற்கத்தக்க அறிக்கை. பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைத் திரட்டுதல், திரட்டியதைப் பேணுதல், பேணியதைப் பகுத்து வழங்குதல் என்று வள்ளுவர் அரசின் வேலையை நால்வகையாக்கினார். கேட்பும் வசூலும் முதலிரண்டைக் காட்டும். பின்னிரண்டைக் காண வேண்டின் செலவுப் பக்கத்தைப் புரட்டுதல் வேண்டும்.

செலவுப் பக்கத்தில்தான் திருவண்ணாமலையின் தனித்தன்மை புலப்படும். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அந்நகரில் வாழ்ந்தோர் 1,45,278 பேர். 2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறாமையால், நெடுங்காலம் இவ்வெண்ணே அளவுகோலாக நின்றது. ஆனால் நிறைமதி இரவுகளிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் அங்கு வருவோர் பல இலட்சம் பேர். வரி கொடுப்போர் தொகை ஒன்று; ஊர் தாங்கும் தொகை மற்றொன்று. கழிப்பிடமும், குடிநீரும், தெருவிளக்கும், குப்பை வண்டியும் இரண்டாம் தொகைக்கேற்ப வேண்டும். அவற்றுக்குரிய பணமோ முதல் தொகையினரின் கையிலிருந்தும் அரசின் மானியத்திலிருந்தும் வருதல் வேண்டும். நகருக்குக் குடிநீர் தரும் சாத்தனூர் அணை தென்பெண்ணையின் குறுக்கே 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப் பெற்றது. அன்று நிறைமதிக்கு வந்தோர் தொகைக்கும் இன்று வருவோர் தொகைக்கும் ஒப்புமை இல்லை. விருந்தினர் வருகையால் கடைக்காரரும் விடுதிக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் பிழைக்கின்றனர் என்பதும் மெய்யே. ஆகவே வருவோரால் ஊருக்கு வந்தது எவ்வளவு, வருவோர்க்காக ஊர் செலவிட்டது எவ்வளவு என்னும் இரண்டு எண்களும் அந்நகரின் ஆண்டறிக்கையில் எதிரெதிரே நிற்றல் வேண்டும்.

எண்ணால் அளக்க இயலாத செலவும் உண்டு. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதனையொட்டிப் பெய்த பெருமழையில், டிசம்பர் முதல் நாள் மாலை திருவண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ. உ. சி. நகரில் ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் ஐவர் உட்பட 7 பேர் அதனுள் மாண்டனர். நகரம் மாநகராட்சியாக உயர்ந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. அவ்வாண்டுத் தீபத் திருநாளில் அடியார்கள் மலைமீது ஏற இசைவு தரப்படவில்லை.

இத்தகைய ஆண்டின் அறிக்கையை எவ்வாறு எழுதுவது? புதிய விளக்குகளின் எண்ணிக்கையை முதலில் வைத்து, இந்நிகழ்ச்சியைப் ‘பேரிடர்’ என்னும் தலைப்பின்கீழ் இரண்டு வரியில் முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பது எளிது, பயன் இல்லை. மலைச்சரிவில் வாழும் குடும்பங்கள் எத்துணை என்பதை அறிக்கை கூறல் வேண்டும். மழைநீர் மலையினின்று இறங்கும் ஓடைகளுள் திறந்திருப்பவை எவை, அடைபட்டவை எவை என்று கூறல் வேண்டும். சரிவில் வீடு கட்டியோர் பெரும்பாலும் வேறு மனை வாங்கும் வசதியற்றோர். அவர்களை அகலுமாறு சொன்னால் எங்கே அகல்வர், அவ்விடத்திலிருந்து பள்ளியும் பணியிடமும் எவ்வளவு தொலைவு, மாற்றிடத்திற்குரிய பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டது என்பனவும் அதில் இருத்தல் வேண்டும். இவற்றை எழுதாத அறிக்கை பொய்யுரைத்ததாகாது. ஆயினும் அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியவற்றை யாரும் கேளாதபடி மறைத்ததாகும்.

வருங்கால நோக்கு என்னும் பகுதி அறிக்கையின் இறுதியில் வரும். மாநகரம் பெரிதாகும், சாலைகள் அகலமாகும், ஒளி பெருகும் என்று அதில் எழுதப்படும். மலையடி ஊர்களிலிருந்து காண்போர்க்கு அதே வளர்ச்சி வேறொரு முகத்தைக் காட்டும். நகரின் எல்லை விரிந்து ஓர் ஊராட்சி அதனுள் சேருமாயின், சொத்து வரி உயரக்கூடும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஊராட்சிகளில் நடைபெற்ற நூறு நாள் வேலை, நகர எல்லைக்குள் வந்த ஊர்களுக்கு இல்லாமற் போயிற்று. வயலில் வேலையற்ற திங்கள்களில் அக்கூலியை நம்பியிருந்த மூதாட்டிக்கு, அகன்ற சாலை எவ்வகையில் ஈடாகும் என்று கேட்பதில் தவறில்லை. குழாய் நீரும் பாதாளச் சாக்கடையும் விரைவில் வருமாயின் அவளுடைய பெயர்த்திக்கு அதனால் நன்மை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்து, எது எந்த ஆண்டில் வரும் என்று நாள் குறிப்பதே நோக்கு என்னும் பகுதியின் வேலை.

ஊராட்சியில் இக்கேள்விகளைக் கேட்க மன்றம் ஒன்று உண்டு. அதுவே கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருடைய அனைவரும், ஆண் பெண் வேற்றுமையின்றி, அதன் உறுப்பினர். உத்தரமேரூர்க் குடத்திற்குப் புறத்தே நின்றவர்களின் வழித்தோன்றல்களும் இங்கு உள்ளே அமர்கின்றனர். தமிழ்நாட்டில் குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் நடைபெற்று வந்த கிராம சபை, 2022இல் வெளியான அறிவிப்பால் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுவதாயிற்று. முன்னது உலக நீர் நாள். பின்னது உள்ளாட்சி நாள். நகரத்தார்க்கு இத்தகைய அவை நெடுநாள் இல்லாதிருந்து, 2022ஆம் ஆண்டில் பகுதி சபைகள் அமைந்தன. திருவண்ணாமலை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்தபோது, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. பொறுப்பு யாரிடம் இருப்பினும் கணக்கு நின்றுவிடுவதில்லை.

அவையில் அறிக்கை படிக்கப்படும்போது, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்னும் பேரெண்கள் காதில் நில்லாமற் சென்றுவிடும். கேட்போர் தம் தெருவைப் பற்றிய வரி ஒன்றையேனும் தேடிப் பிடித்துக்கொள்ளல் நலம். அடி அண்ணாமலையில் வாழ்பவர் ஒருவர், நிறைமதி மறுநாள் தம் வாயிலிற் குப்பை அள்ளப்பட்ட நேரம் அறிக்கையிற் கண்ட நேரத்தோடு ஒத்திருந்ததா என்று சொல்லல் இயலும். அதனை எந்தத் தணிக்கையாளரும் சொல்லல் இயலாது. அவர் எழுந்து கூறும் செய்தி தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அடுத்த கூட்டத்தில் அப்புத்தகத்தைத் திறந்து, சென்ற கூட்டத்துத் தீர்மானங்களுள் முடிந்தவை எவை, முடியாதவை எவை என்று படிக்கச் சொல்லிக் கேட்கலாம். மார்ச்சு 31ஆம் நாள் மூடப்படும் ஏட்டில் வாராது நின்ற பணமும், அடுத்த நாள் திறக்கப்படும் ஏட்டின் முதற்பக்கத்தில் ‘தொடக்க நிலுவை’ என்னும் பெயரால் எழுதப்படுகிறது.